முதல் பயம் போன பிறகும் வருஷம் தவறாமல் ஸ்கைடைவிங்: எது பிடித்து வைக்கிறது?

வெளியாள் எழுதியது:

ஒரு தடவை டாண்டம் (பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு) குதிப்பது புரிகிறது. பிறந்தநாள், பந்தயம், சுற்றுலா என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். அதற்கப்புறம் நடப்பதுதான் புரியவில்லை. இருபது முப்பது வருஷமாக வார இறுதி தவறாமல் குதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே விமானம், அதே உயரம், அதே ஒரு நிமிஷம். பயம் சில மாதங்களில் பழகிப்போகாதா? பிறகு எது இழுக்கிறது? ‘அட்ரினலின்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

நீலவானம் எழுதியது:

அட்ரினலினில் பாதியை முதலிலேயே கழித்துவிடலாம். மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் வால்டர் ஃபென்ஸும் செய்மோர் எப்ஸ்டைனும் குதிக்கப் போகிறவர்களின் இதயத்துடிப்பு, மூச்சு, தோலின் மின்கடத்தல் மூன்றையும் அளந்து 1967இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதியவர்களுக்கு மூன்றும் ஏறிக்கொண்டே போய்க் குதிக்கும் நேரத்தில்தான் உச்சம். அனுபவசாலிகளுக்கு உச்சம் முன்கூட்டியே வந்து, கதவு திறக்கும்போது இறங்குமுகமாகிவிடுகிறது. பயம் போய்விடுவதில்லை, முன்னதாக வந்து வேறு வேலை பார்க்கிறது. மேல்காற்று எப்படி, நமக்கு முன்னால் போகும் குழுவில் எத்தனை பேர், பின்னால் யார், எத்தனை வினாடி விட்டுக் குதிக்க வேண்டும் என்ற கணக்காகிவிடுகிறது.

இங்கிலாந்தின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தார் 2013இல் உமிழ்நீரில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைப் பார்த்தார்கள். பழையவர்கள் தங்களுக்குப் பதற்றம் குறைவு என்றுதான் சொன்னார்கள். கார்டிசால் ஏறியதில் மட்டும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தலைக்குப் பழகிவிட்டது, உடம்புக்குப் பழகவில்லை.

இனி அந்த ‘ஒரு நிமிஷம்’. வயிறு கீழாக விழும்போது முதல் 1,000 அடிக்குச் சுமார் 10 வினாடி. வேகம் மணிக்கு 120 மைலை எட்டிய பிறகு ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை வினாடி. 13,500 அடியில் வெளியேறி 3,500இல் பாராசூட்டை எடுத்தால் 60 வினாடி. வருஷத்துக்கு 100 ஜம்ப் போடுகிறவர் அந்த வருஷம் முழுக்க ஃப்ரீஃபாலில், அதாவது பாராசூட் விரியாமல் விழுவதில், இருந்தது ஒரு மணி நாற்பது நிமிஷம்! ஆயிரம் ஜம்ப் முடித்தவருக்கே மொத்தம் பதினாறு பதினேழு மணி நேரம்தான். முதல் ஜம்பிலிருந்தே ஃப்ரீஃபாலில் கற்றுத்தரும் ஏஎஃப்எஃப் பயிற்றுநர் ஆவதற்கு அமெரிக்கச் சங்கமான யுஎஸ்பிஏ கேட்கும் குறைந்தபட்ச ஃப்ரீஃபால் நேரம் 6 மணி. வேறு எந்த விளையாட்டிலாவது ஆறு மணி நேரம் ஆடியவரைப் பயிற்சியாளர் ஆக்குவார்களா? பாடம் அவ்வளவு சில்லறையாகக் கிடைக்கிறது. இருபது வருஷம் கழித்தும் முடியாமல் இருப்பதற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான்.

கூட்டுப்பறவை எழுதியது:

நீலவானம் சொன்ன அறுபது வினாடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் ‘அதே’ என்ற சொல்லை வெளியாள் வாபஸ் வாங்கிவிடுவார்.

விழும்போதே ஒருவரையொருவர் பிடித்து உருவங்கள் அமைக்கும் போட்டியில் நாலு பேர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஆள் கேமராக்காரர். விமானம் சுமார் 10,500 அடி ஏறும். முதல் ஆள் கதவை விட்டுப் பிரிந்த கணத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், 35 வினாடிதான் ஆட்டம். உருவங்கள் இரண்டு வகை. ராண்டம் 16, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பிளாக் 22, ஒவ்வொன்றிலும் தொடக்க உருவம், நடுவில் துண்டு துண்டாகப் பிரிந்து திரும்புதல், முடிவு உருவம், ஆக இரண்டு புள்ளி. இவற்றைக் குலுக்கிப் போட்டு ஒரு சுற்றுக்கு ஐந்து அல்லது ஆறு புள்ளி வரும்படி வரிசை தருவார்கள். அந்த வரிசையை நேரம் முடியும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். பிடி சரியாக விழவில்லை என்று வீடியோவில் நடுவருக்குத் தெரிந்தால் புள்ளி போச்சு. உலகத் தரத்து அணிகள் ஒரு சுற்றில் சராசரியாக இருபதுக்கு மேல் எடுக்கின்றன.

இதில் எது கெடும்? பெரும்பாலும் உயரம். ஒருவர் மற்றவர்களைவிட ஒரு கை ஆழம் கீழே போய்விட்டால் அந்த ஜம்ப் அவருக்கு அவ்வளவுதான். இடுப்பை முன்னே தள்ளி வளைந்தால் வேகமாக விழலாம். மேலே வருவதற்கு முதுகைக் கூனி, கை கால்களை நீட்டி, காற்றை அள்ளிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஒல்லியானவர்கள் மெதுவாக விழுவார்கள் என்பதால் இரண்டு முதல் நாலு கிலோ வரை ஈயக்கட்டி பெல்ட்டில் போட்டுக்கொள்வார்கள். கனமானவர்கள் தொளதொளப்பான சூட் போடுவார்கள். இன்னொருவரின் முதுகுக்கு நேர் மேலே போனால் அங்கே காற்றே இருக்காது, பொத்தென்று அவர் மேல் விழ வேண்டியதுதான்.

அதனால்தான் இந்த ஆட்கள் தரையில் ஒரு பலகையில் குப்புறப் படுத்து, சக்கரத்தில் உருண்டு உருண்டு, அடுத்த உருவம் என்ன என்று அரைமணி ஒத்திகை பார்க்கிறார்கள். அதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு ‘சாகசக்காரர்’ என்ற படம் கலைந்துவிடும். முட்டிக்குப் பேட் கட்டிய கணக்குப்பிள்ளைகள் மாதிரித்தான் இருப்பார்கள்.

பெரிய கூட்டத்தின் கதை தனி. 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் ஒரே உருவமாகக் கைகோத்தார்கள். அதில் ஓரத்துக்காரருக்கு வேலை என்ன? நடுவில் இருப்பவர்கள் கட்டி முடிக்கும்வரை தன் வரிசைக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்து, கடைசிச் சில வினாடிகளில் மெல்லப் போய் ஒரே ஒரு பிடி பிடிப்பது. அந்த ஒரு பிடிக்காகச் சில வருஷம் பயிற்சி முகாம்களுக்குப் போவார்கள்.

வெளியாள் எழுதியது:

போட்டி ஆட்களுக்குச் சரி. எல்லாரும் போட்டிக்காரர்கள் இல்லையே? சனிக்கிழமை வந்து நாலு ஜம்ப் போட்டுவிட்டுப் போகிறவருக்கு?

மேனிஃபெஸ்ட்மேசை எழுதியது:

அவரைப் பிடித்து வைப்பது ஏணி. யுஎஸ்பிஏ முறையில் ஏ லைசன்ஸுக்கு 25 ஜம்ப், பிக்கு 50, சிக்கு 200, டிக்கு 500. எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் தேர்வு உண்டு. பி வாங்க நீர்ப்பயிற்சியும் பாராசூட் ஓட்டும் வகுப்பும் முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு கதவைத் திறக்கும். 200 ஜம்ப் இல்லாமல் விங்சூட், அதாவது கை கால்களுக்கு இடையே சிறகுத் துணி வைத்த உடை, கிடையாது. ஹெல்மெட்டில் கேமரா மாட்டவும் 200 ஆகட்டும் என்பார்கள். 500 ஜம்ப், டி லைசன்ஸ், மூன்று வருஷ அனுபவம் மூன்றும் இருந்தால் டாண்டம் பயிற்றுநருக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்று சலித்தால் இன்னொன்றுக்குத் தாவலாம். வயிறு கீழாக விழுவது போதும் என்றால் தலைகீழாக விழ ஆரம்பிக்கலாம், அதில் வேகமே மணிக்கு 150, 180 மைல். அதுவும் போதும் என்றால் விங்சூட், பாராசூட்டோடு பாராசூட்டைக் கோக்கும் கேனப்பி ஃபார்மேஷன், துல்லியத் தரையிறக்கம். ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பு மாணவனாகத் திரும்ப உட்கார வேண்டும்.

ஆனால் ஏணியில் ஓட்டை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். ஏ லைசன்ஸ் வாங்கினவுடன்தான் நிறையப் பேர் காணாமல் போகிறார்கள். மாணவராக இருந்தவரை பயிற்றுநர் கூடவே இருந்தார், ஒவ்வொரு ஜம்புக்கும் பாடம் இருந்தது. லைசன்ஸ் வந்ததும் கூட யாரும் இல்லை. அனுபவசாலிகள் 25 ஜம்ப் ஆளைக் குழுவில் சேர்க்கத் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. தனியாக நாலு ஜம்ப் போட்டுப் பார்ப்பார், சலித்துவிடும். கலிபோர்னியாவின் பெரிஸ், அரிசோனாவின் ஈலாய் மாதிரிப் பெரிய டிராப்ஸோன்களில் (குதிக்கும் மையங்களில்) இதற்காகவே லோட் ஆர்கனைசர் இருப்பார். வந்திருப்பவர்களின் திறமையைப் பார்த்து மூன்று பேர், நாலு பேர் என்று சேர்த்து விடுவது அவர் வேலை. செஸ்னா 182இல் நாலே பேரை ஏற்றும் சின்ன இடங்களில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் புதியவர் இரண்டாம் வருஷம் திரும்பி வருவது அபூர்வம். மனித சுபாவம், சாகச உணர்வு என்று ஆயிரம் பேசலாம். யார் தங்குவார், யார் போவார் என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு ஆள் தீர்மானிக்கிறார்.

ரிக்கர்பெட்டி எழுதியது:

எல்லாரும் வானத்தையே பேசுகிறீர்கள். நாள் முழுக்க டிராப்ஸோனில் இருப்பவர் ஆகாயத்தில் இருப்பது சில நிமிஷம், மீதி நேரம் கார்பெட்டில் மண்டியிட்டுப் பாராசூட் மடிக்கிறார். பிடித்து வைப்பதில் இதற்குப் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியாது.

மடிப்பு என்றால் என்ன என்று வெளியாளுக்காகச் சொல்கிறேன். இறங்கியதும் முதல் வேலை பைலட் சூட்டை ‘காக்’ செய்வது. கையால் காற்றில் வீசும் குட்டிப் பாராசூட் அது. பெரிய பாராசூட்டை வெளியே இழுத்த பிறகு அதன் உள்கயிறு, அதாவது கில் லைன், அதைச் சுருட்டிவிடும். மறுபடி இழுத்து நீட்டி, பெரிய பாராசூட்டோடு அதை இணைக்கும் நாடாவான பிரைடிலில் இருக்கும் சின்ன ஜன்னலில் வண்ணக்குறி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதை மறந்தால் அடுத்த ஜம்பில் வீசிய பைலட் சூட் விரியாமல் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும், பாராசூட் மடித்து வைத்த பை வெளியே வராது. அப்போது நேராக ரிசர்வை (மாற்றுப் பாராசூட்டை) போடுவதா, முதலில் பெரிய பாராசூட்டைக் கழற்றிவிடும் கட்அவே கைப்பிடியை இழுத்துவிட்டு ரிசர்வைப் போடுவதா என்று இரண்டு கட்சி உண்டு. எந்தக் கட்சி என்பதைத் தரையிலேயே முடிவுசெய்துவிட வேண்டும், மேலே விவாதத்துக்கு நேரம் கிடையாது.

அடுத்து பிரேக் கயிறுகளை ரைசரில், அதாவது தோள் நாடாவில், பூட்டி அவற்றின் கைப்பிடியான டாகிளைச் செருகுவது. ஒரு பக்கம் மட்டும் நழுவினால் பாராசூட் திறக்கும்போதே சுழலும். பாராசூட் சின்னதாக இருந்தால் கயிறு முறுக்கிக்கொண்டு கட்அவேயில்தான் முடியும். பிறகு கயிறுகளைத் தோளில் போட்டு, மூக்குப் பகுதியில் இருக்கும் செல்களை (காற்றறைகளை) எண்ணி, கயிற்று வரிசைகளுக்கு இடையிலுள்ள துணியை வெளியே எடுத்து, திறப்பை மெதுவாக்கும் துணித்துண்டான ஸ்லைடரை நாலு பக்கமும் விரித்து மேலே நிறுத்தி வைப்பது. ஸ்லைடர் கீழே இறங்கியிருந்தால் படாரென்று திறக்கும், கழுத்து போய்விடும். அப்புறம் உருட்டிப் படுக்க வைத்து, காற்றைப் பிதுக்கி, பையில் திணிப்பது. புதுத் துணி எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். புதியவர்கள் அழுவது இந்த இடத்தில்தான். கயிற்றை ரப்பர் பேண்டுகளில் மடித்து மடித்துச் செருகி, கடைசியில் பதினெட்டு முதல் இருபத்துநாலு அங்குலம் விட்டுவிட்டு, முதுகுப் பையான கண்டெய்னரை மூடி, குளோசிங் லூப்பில் பின்னைச் செருகினால் முடிந்தது. கை பழகினவருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்.

அந்த லூப் வெறும் நூல் வளையம், விலை சில காசு. நைந்து தொளதொளத்துப் போனால் பின் தானாக நழுவும். தலைகீழாக 160 மைல் வேகத்தில் விழும்போது பாராசூட் தானாகத் திறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு நைந்தாலே மாற்றிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து ரிக்கை, அதாவது முழுப் பாராசூட் செட்டை, வாங்கிவிட்டு இந்தக் காசு நூலை மாற்றாமல் வருகிறவர்களை என்ன சொல்வது!

தரையிறங்கி எழுதியது:

ரிக்கர் சார், மடிப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் பாதிப் பேர் கூலிக்கு மடித்துத் தரும் பேக்கரிடம் எட்டுப் பத்து டாலர் கொடுத்துவிட்டு அடுத்த லோடுக்கு, அதாவது அடுத்த விமானத்துக்கு, ஓடுகிறார்களே! அவர்களும்தான் இருபது வருஷமாக வருகிறார்கள்.

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். பலரை இதில் பிடித்து வைப்பது இன்று ஃப்ரீஃபால் கிடையாது, பாராசூட் ஓட்டுவது. பலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அதுவே. யுஎஸ்பிஏ கணக்குப்படி 2023இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 36.5 லட்சம் ஜம்ப், 10 சாவு. 1970களில் வருஷத்துக்குச் சராசரி நாற்பதைத் தாண்டியது. குறைந்ததற்குக் கருவிகள் பெரிய காரணம். பழுதான பாராசூட்டைக் கழற்றிவிடும் பில் பூத்தின் மூன்று வளைய ரிலீஸ் வந்தது, 1991இல் ஹெல்முட் குளோத்தின் சைப்ரஸ் வந்தது. 750 அடியில் இன்னும் மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் அது ரிசர்வின் லூப்பைத் தானாக வெட்டிவிடும். பாராசூட்டையே எடுக்காமல் சாவது அருகிப்போயிற்று. அதன் பிறகு மிஞ்சியவற்றில் கணிசமானவை, நன்றாகத் திறந்த, ஒரு கோளாறும் இல்லாத பாராசூட்டின் கீழ் தரையில் மோதி நடப்பவை.

எப்படி? ஆள் 73 கிலோ, கருவி 11 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 84 கிலோ, அதாவது 185 பவுண்ட். 190 சதுர அடிப் பாராசூட் என்றால் ஒரு சதுர அடிக்கு 0.97 பவுண்ட். சாதுவான மாடு. அதே ஆள் மூன்று வருஷத்தில் 170, 150 என்று சின்னதாக்கிக்கொண்டே போவார். 150இல் சுமை 1.23. முன்னோட்டம் கூடும், திரும்பும்போது உயரம் கபகபவென்று போகும். இதுவும் ஒரு ஏணிதான் மேனிஃபெஸ்ட்மேசை அண்ணே, ஆனால் கீழே போகிற ஏணி. இதற்குத் தேர்வு கிடையாது, பணம் இருந்தால் போதும்.

விபத்து எப்போதும் ஒரே மாதிரித்தான் நடக்கும். 1,000 அடியில் காற்றோடு சேர்ந்து போக வேண்டும், 600இல் ஒரு திருப்பம், 300இல் காற்றை எதிர்த்துக் கடைசித் திருப்பம். இதுதான் பாதை. பேச்சிலோ கூட்டத்திலோ கவனம் சிதறி 80 அடியில்தான் ‘முன்னால் வேலி’ என்று தெரிகிறது. ஒரு டாகிளை முழுசாக இழுக்கிறார். பாராசூட் சரிந்து மூக்கைக் கீழே குத்துகிறது, உடம்பு வெளிப்பக்கம் வீசப்படுகிறது. அது மறுபடி தலைக்கு மேலே நேராக வருவதற்குள் தரை வந்துவிடும். சரியான மருந்து: இரண்டு டாகிளையும் பாதிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றை மட்டும் கொஞ்சம் விட்டுத் தட்டையாகத் திரும்புவது. அதற்கும் இடமில்லை என்றால் காற்றோடு போய் விழுந்து உருள்வது. முட்டி சிராய்க்கும், ஆள் பிழைப்பார். இந்தத் தட்டைத் திருப்பத்தை 3,000 அடியில் பழகிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

வருஷக்கணக்கில் குதிப்பவர்கள் ‘எனக்குத்தான் தெரியுமே’ என்ற இடத்துக்கு வருவது பெரும்பாலும் சில நூறு ஜம்பில். பயம் போயிருக்கும், கைத்திறன் இன்னும் வந்திருக்காது. இந்த இழையின் கேள்விக்கே அது பாதிப் பதில்.

நீலவானம் எழுதியது:

தரையிறங்கி சொன்னதை ஆராய்ச்சிக்காரர்களும் வேறு வழியில் தொட்டிருக்கிறார்கள். செல்சி, ரோஸ், லீ மூவரும் 1993இல் ஒரு நுகர்வோர் ஆய்விதழில் ஸ்கைடைவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆரம்பத்தில் கிளுகிளுப்புக்கும் நண்பர் வற்புறுத்தலுக்கும் வருகிறவர்கள், பிறகு தேர்ச்சிக்காகவும், ‘நான் ஒரு ஸ்கைடைவர்’ என்ற அடையாளத்துக்காகவும், கூட்டத்துக்காகவும் தங்குகிறார்கள் என்று அதன் சாரம். இழுத்து வருவது ஒன்று, நிறுத்தி வைப்பது வேறொன்று.

போதை என்று யாராவது சொல்வார்கள், அதையும் பார்த்துவிடலாம். ஃபிராங்கனும் சகாக்களும் 2006இல் ஸ்கைடைவர்களைப் படகு துடுப்புப் போடுகிறவர்களோடு ஒப்பிட்டார்கள். அன்றாட இன்பங்களில் மகிழ்ச்சி குறைவு என்ற அளவீட்டில் ஸ்கைடைவர்கள் மேலே இருந்தார்கள். ஆனால் குதித்ததால் அப்படி ஆனார்களா, அப்படிப்பட்டவர்கள்தான் குதிக்க வந்தார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துக்காட்டாது. அதை வைத்துக்கொண்டு எல்லாரையும் நோயாளி ஆக்குவது அதிகப்பிரசங்கித்தனம்.

வெளியாள் எழுதியது:

கூட்டம் என்கிறீர்கள். எல்லா விளையாட்டிலும் கூட்டம் இருக்கிறதே. இதில் என்ன விசேஷம்?

கூட்டுப்பறவை எழுதியது:

மேலே ஏறும்போது நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். விமானம் குதிக்கும் உயரத்துக்கு ஓரிரு ஆயிரம் அடி கீழே இருக்கும்போது ஆட்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித் திரும்புவார்கள். பின்னால் இருப்பவர் முதுகின் மடலைத் தூக்கி, ரிசர்வ் பின் உட்கார்ந்திருக்கிறதா, மெயின் பின் நேராக முழுசாக உள்ளே இருக்கிறதா, பிரைடில் வெளியே தொங்குகிறதா, பைலட் சூட் அதன் பையில் முழுசாக மறைந்திருக்கிறதா என்று பார்த்து, மடலை மூடி, தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். பெயர்கூடத் தெரியாத ஆளாக இருக்கலாம். கால் மணி நேரத்துக்கு முன்புதான் அறிமுகமாகியிருப்பார்கள். டெக்ஸாஸிலும் ஸ்பெயினின் எம்பூரியாபிராவாவிலும் இதே தட்டுத்தான். லைசன்ஸையும் லாக்புக்கையும் எடுத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போனாலும் அன்று மதியமே நாலு பேர் குழுவில் இடம் கிடைக்கும். வேறு ஊருக்கு வேலை மாறிப் போனவர்கள்கூட இதை விடாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம்.

அப்புறம் காற்று. மாணவர்களுக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள். மேகம் வந்தாலும் நிறுத்தம்தான். மணிக்கணக்கில் ஹேங்கரில் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேலையில்லை. வேறு விளையாட்டில் இவ்வளவு கட்டாயக் காத்திருப்பு இல்லை. சிநேகம் அங்கேதான் முற்றுகிறது.

மேனிஃபெஸ்ட்மேசை எழுதியது:

பணத்தைப் பேசாமல் இந்த இழை முடியாது. அமெரிக்காவில் ஒரு ஜம்ப் டிக்கெட் 30 டாலருக்கு அக்கம்பக்கம். புது ரிக் எட்டாயிரம், பத்தாயிரம் ஆகும். பழசு பார்த்து வாங்கினால் பாதி. அப்புறம் கீழிருந்து அடிக்கும் காற்றில் மிதந்து பழகும் விண்ட் டன்னல். அங்கே 15 நிமிஷம் என்பது 15 ஜம்புக்கான ஃப்ரீஃபால். உருவம் கோக்கும் வேலை டன்னலில் சீக்கிரம் ஏறும். கதவிலிருந்து வெளியேறுவது, கடைசியில் ஒருவரை விட்டு ஒருவர் விலகிப் பறப்பது, உயரக் கவனம், பாராசூட் ஓட்டுவது நாலும் அங்கே கிடைக்காது. டன்னலில் மட்டும் வளர்ந்தவர் மேலே வந்து உயரமானியைப் பார்க்க மறப்பதைக் கவனித்தால் தெரியும்.

கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் வந்ததும் 150 ஜம்ப் போட்டவர் 20க்கு இறங்குவார். நிறுத்தவும் மனம் வராது, ஒழுங்காக வரவும் முடியாது. இந்த ‘வருஷத்துக்கு இருபது’ நிலை மோசமானது என்பது என் கட்சி. பழைய தைரியம் அப்படியே இருக்கும், கை மட்டும் துருப்பிடித்திருக்கும்.

ரிக்கர்பெட்டி எழுதியது:

அதற்கு யுஎஸ்பிஏ பரிந்துரையே இருக்கிறது. ஏ லைசன்ஸ்காரர் 60 நாள், பிகாரர் 90 நாள், சியும் டியும் ஆறு மாதம் குதிக்காமல் இருந்தால் புதுப்பிப்புப் பயிற்சி எடுத்துவிட்டுக் குதிக்கச் சொல்கிறார்கள். குளிர்காலம் நீண்ட ஊர்களில் வசந்தத்தின் முதல் நாள் பாதிப் பேருக்கு இது பொருந்தும்.

ஒழுங்காகச் செய்கிறவர்கள் தொங்கு ஹார்னஸில் ஏறி, கட்அவே கைப்பிடியைப் பார், பிடி, ரிசர்வ் கைப்பிடியைப் பார், பிடி, முதலாவதை இழு, இரண்டாவதை இழு என்று கை தானாகப் போகும்வரை செய்வார்கள். கோளாறு வந்தால் கட்அவேயா என்று முடிவெடுக்கும் உயரம் மாணவருக்கும் ஏ லைசன்ஸ்காரருக்கும் 2,500 அடி, மற்றவர்களுக்கு 1,800. அதற்குக் கீழே வந்தும் ‘முறுக்கு பிரிந்துவிடும், இன்னொரு உதை உதைக்கலாம்’ என்று மல்லுக்கட்டுவதுதான் கொல்கிறது.

கருவிக்கும் தேதி பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை ரிக்கர் என்ற பாராசூட் பராமரிப்பாளர் பிரித்துச் சோதித்து மடித்து முத்திரை வைக்க வேண்டும். மூன்று வளையத்தை மாதம் ஒருமுறை கழற்றி, ரைசர் நாடாவை முறுக்கி வளைத்து, மஞ்சள் கேபிளைத் துடைத்துத் திரும்பக் கோக்க வேண்டும். நாடா ஒரே வளைவில் இறுகிப்போனால் கட்அவே செய்யும்போது பிரிய யோசிக்கும்.

வெளியாள் எழுதியது:

வயதானவர்கள்? அறுபது வயசுக்காரர்கள் குதிக்கும் படங்கள் பார்க்கிறேன். டாண்டம்தானே?

கூட்டுப்பறவை எழுதியது:

டாண்டமும் உண்டு, சொந்தமாகக் குதிப்பவர்களும் உண்டு. நாற்பது தாண்டியவர்களுக்கு பாப்ஸ், அறுபதுக்கு எஸ்ஓஎஸ், எண்பதுக்கு ஜோஸ் என்று தனித்தனிச் சங்கமே இருக்கிறது. வேல்ஸ் நாட்டு டிலிஸ் பிரைஸ் ஐம்பதைத் தாண்டிய பிறகு ஆரம்பித்து, எண்பது வயதில் தனியாகக் குதித்து கின்னஸில் இடம்பிடித்தார்.

அவர்கள் மாற்றிக்கொள்வது சில விஷயங்கள். பாராசூட்டைப் பெரிதாக்குவார்கள், கௌரவம் பார்க்க மாட்டார்கள். மெல்லிய ஸ்பெக்ட்ரா கயிற்றுக்குப் பதில் கொஞ்சம் நீளும் டேக்ரான் கயிறு போடுவார்கள், திறக்கும்போது முதுகுக்கு அடி குறையும். சாளேசுவரம் வந்த கண்ணுக்கு மணிக்கட்டு உயரமானியின் சின்ன எண் தெரியாது. பெரிய முள் வைத்ததை வாங்கி, காதருகே சத்தம் தரும் மானியை 5,500, 4,500 என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள். முட்டி தாங்காது என்றால் நின்று இறங்க முயலாமல் சறுக்கி உட்கார்ந்துவிடுவார்கள். சனி ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து வார நாளில் வருவார்கள். வானில் நெரிசல் இல்லாவிட்டாலே பாதி ஆபத்து கழிந்தது.

புதுச்செருப்பு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. பழைய ரிக் ஒன்று பார்த்திருக்கிறேன், ஸ்பெக்ட்ரா கயிறு, 600 ஜம்ப் ஆகியிருக்கிறதாம். விற்பவர் ‘இன்னும் முந்நூறு தாங்கும், பிரேக் போட்டால் சட்டென்று கேட்கிறது’ என்கிறார். வாங்கலாமா?

ரிக்கர்பெட்டி எழுதியது:

சட்டென்று கேட்பதுதான் சந்தேகத்துக்கு இடம் தருகிறது தம்பி. ஸ்பெக்ட்ரா சூட்டில் சுருங்கும். ஸ்லைடர் வளையம் உரசி இறங்கும் ஓரக் கயிறுகளும் பிரேக் கயிறும்தான் அதிகம் சுருங்கும், நடுக்கயிறுகள் அவ்வளவு சுருங்காது. பிரேக் கயிறு சில அங்குலம் குட்டையானால் டாகிளை முழுசாக மேலே விட்டாலும் பாராசூட்டின் வால் (பின்விளிம்பு) கொஞ்சம் கீழே இழுபட்டே இருக்கும். கை வைத்ததும் கேட்பதற்குக் காரணம் அது. வேகம் குறையும், இறங்கும்போது வேகத்தைக் கொல்ல இழுக்கும் கடைசி பிரேக்கான ஃப்ளேர் சப்பென்று இருக்கும், திறப்பும் ஒரு பக்கமாகத் திரும்பும்.

ஒரு ஜம்ப் டெமோ கேட்டு வாங்குங்கள். 3,000 அடிக்கு மேலே டாகிள் இரண்டையும் முழுசாக விட்டுவிட்டு மேலே பாருங்கள். பிரேக் கயிறு காற்றில் பின்னால் வில் போல வளைந்து நிற்க வேண்டும். பிறகு டாகிள் கையில் இருக்கும்போதே முன் ரைசர் இரண்டையும் இழுங்கள், வால் மடங்கக் கூடாது. மடங்கினால் குட்டை. கீழே வந்ததும் ரிக்கரிடம் கொடுத்துத் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு கயிறுகளை அளக்கச் சொல்லுங்கள். பிரேக்கின் கீழ்த் துண்டு மட்டும் என்றால் சின்னச் செலவு. ஓரமும் நடுவும் பொருந்தவில்லை என்றால் மொத்தக் கயிறும் மாற்ற வேண்டும், அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கில் லைனும் இதே மாதிரி சுருங்கும். பைலட் சூட்டைக் காக் செய்து தலைப்பகுதி முழுசாக விரிகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். சைப்ரஸ் தயாரிப்புத் தேதியையும் மறக்காதீர்கள், அதற்கு ஆயுள் முடிவு உண்டு.